கணவன்/மனைவிக்கு அமெரிக்க கிரீன் கார்டு: ஐ-864ல வருமானத்தை எப்படி காட்டுறது

நம்ம ஆளுங்க கிட்ட ஃபைனான்ஷியல் ப்ரூஃப் கேக்குறாங்கன்னு சொன்னா போதும், உடனே பேங்க்ல பேலன்ஸ் சர்டிபிகேட், ஆடிட்டர் கிட்ட சொத்து மதிப்பு சர்டிபிகேட், அப்பா பேர்ல இருக்குற எஃப்டி ரசீதுன்னு ஓட ஆரம்பிச்சிடுவாங்க, ஏன்னா ஸ்டூடன்ட் விசாவுக்கு அப்படித்தான் பண்ணி பழக்கம். ஸ்பவுஸ் மூலமா அமெரிக்க கிரீன் கார்டுக்கு அப்ளை பண்றப்போ கதையே வேற. இங்க வரப்போறவங்க கிட்ட எவ்ளோ காசு இருக்குங்கறது ரெண்டாவது கேள்விதான், கூப்பிடுறவரு இப்போ அமெரிக்காவுல வருஷத்துக்கு எவ்ளோ சம்பாதிக்கிறாரு, அதை பேப்பர்ல காட்ட முடியுமா, இதுதான் முதல் கேள்வி. என் மனைவிக்கு அப்ளை பண்ணப்போ இதை நான் சரியா புரிஞ்சிக்காம ஒரு ஆர்.எஃப்.இ. (இன்னும் ஆதாரம் குடுங்கன்னு வர்ற நோட்டீஸ்) வாங்கி மூணு மாசத்துக்கு மேல இழுத்துச்சு, அந்த மூணு மாசமும் வீட்டுல ரெண்டு பேருக்கும் சரியா தூக்கமே இல்ல. வேற யாருக்கும் அது வேண்டாம்னுதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

முதல்ல ஒரு குழப்பத்தை தீர்த்துடுறேன். ஜாயின்ட் பேங்க் அக்கவுன்ட், வீட்டு லீஸ்ல ரெண்டு பேர் பேரு, இன்சூரன்ஸ்ல நாமினி, இதெல்லாம் "எங்க கல்யாணம் நிஜமானது"ன்னு காட்டுறதுக்கு. அதை பெட்டிஷனோட, அதாவது கணவன்/மனைவிய கூப்பிடுறேன்னு முதல்ல போடுற ஐ-130 கூட வைக்கிறோம். இப்போ நான் பேசப்போறது ஐ-864, அஃபிடவிட் ஆஃப் சப்போர்ட். இது ரெண்டையும் ஒரே கட்டா கட்டி அனுப்பிட்டு "நான்தான் பேங்க் ஸ்டேட்மென்ட் குடுத்தேனே, மறுபடி ஏன் வருமானம் கேக்குறாங்க"ன்னு கேக்குறவங்க நிறைய பேரு. அது வேற கேள்விக்கான பதில், இது வேற கேள்விக்கான பதில்.

ஐ-864ங்கறது சும்மா ஒரு ஃபார்ம் இல்லங்க, அமெரிக்க அரசாங்கத்தோட நீங்க போடுற ஒப்பந்தம். "இவங்க வறுமைக்கோட்டுக்கு கீழ போகாம நான் பாத்துக்கறேன், அரசாங்க உதவி வாங்குற நிலைமை வந்தா அந்த காசை என்கிட்ட கேக்கலாம்"னு கையெழுத்து போடுறீங்க. சிட்டிசனா இருந்தாலும் சரி, கிரீன் கார்டு ஹோல்டரா இருந்தாலும் சரி, கணவன் மனைவிய கூப்பிடுறவரு கண்டிப்பா இதை போடணும், வருமானமே பூஜ்யமா இருந்தாலும் போடணும். வேற ஒருத்தர் உதவிக்கு வர்றாரு, அதனால நான் போட வேண்டாம்னு நினைக்காதீங்க. கே-1 ஃபியான்சே விசாவுல வர்றவங்களுக்கு மட்டும் விசா ஸ்டேஜ்ல ஐ-134னு ஒரு லேசான ஃபார்ம், ஆனா கல்யாணம் முடிஞ்சு இங்க இருந்தே கிரீன் கார்டு கேட்டு ஐ-485 போடறப்போ அவங்களுக்கும் ஐ-864 வந்துடும்.

சரி, எவ்ளோ வருமானம் வேணும்? ஃபெடரல் பாவர்ட்டி கைட்லைன்ஸ்னு வருஷா வருஷம் ஒரு பட்டியல் வரும், அதுல உங்க குடும்ப எண்ணிக்கைக்கு என்ன தொகை போட்டிருக்கோ அதுல 125 சதவீதம் வேணும். ஸ்பான்சர், அதாவது கூப்பிடுறவரு, ராணுவத்துல ஆக்டிவ் டியூட்டில இருந்து கணவன்/மனைவிய கூப்பிட்டா 100 சதவீதம் போதும். 2025 பட்டியல் படி அலாஸ்கா, ஹவாய் தவிர்த்த மாநிலங்கள்ல ரெண்டு பேர் குடும்பத்துக்கு 26,437 டாலர், மூணு பேருக்கு 33,312, நாலு பேருக்கு 40,187. ஐ-864பி-ன்னு யு.எஸ்.சி.ஐ.எஸ்., அதாவது அமெரிக்க குடியேற்றத் துறையோட வெப்சைட்ல ஒரு பக்கம் இருக்கும், நீங்க அனுப்புற சமயத்துல அதுல என்ன எண் இருக்கோ அதை எடுத்துக்கோங்க, ஏன்னா வருஷ ஆரம்பத்துல அது மாறும்.

பாக்குறதுக்கு சின்ன தொகையா தெரியும். ஆனா "குடும்ப எண்ணிக்கை"ங்கற இடத்துலதான் நம்ம ஆளுங்க நிறைய பேர் தடுக்கி விழுறாங்க. எண்ண வேண்டியது யாரு யாருன்னா நீங்க, இப்போ கூப்பிடுற கணவன்/மனைவி, அவங்களோட சேர்ந்து வர்ற பிள்ளைங்க, உங்களுக்கு 21 வயசுக்கு கீழ கல்யாணம் ஆகாத பிள்ளைங்க, டாக்ஸ்ல டிபென்டன்ட்னு காட்டுறவங்க, அப்புறம் முக்கியமா, ஏற்கனவே ஐ-864 போட்டு நீங்க கூப்பிட்டு வந்து அந்த பொறுப்பு இன்னும் முடியாம இருக்குறவங்க. எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் சிட்டிசன் ஆனதும் முதல்ல அம்மா அப்பாவுக்கு கிரீன் கார்டு எடுத்தாரு, ரெண்டு வருஷம் கழிச்சு கல்யாணம் பண்ணி மனைவிக்கு போட்டாரு. நானும் என் மனைவியும், மொத்தம் ரெண்டு பேருன்னு எழுதிட்டாரு. அம்மா அப்பாவையும் சேர்த்தா நாலு. 26,437 வேணும்னு நினைச்ச இடத்துல 40,187 வேணும். அம்மா அப்பா தம்பி வீட்டுல இருக்காங்களா உங்க வீட்டுல இருக்காங்களாங்கறது இதுக்கு சம்பந்தமே இல்ல, கையெழுத்து போட்டது நீங்க. அதே மாதிரி எதிர்ப்பக்கமும் தப்பு நடக்கும், மனைவிய "கூப்பிடுறவங்க"ன்னு ஒரு தடவையும் "என் ஸ்பவுஸ்"னு இன்னொரு தடவையும் எண்ணி மூணுன்னு போட்டுடுவாங்க. ஒருத்தரை ஒரு தடவைதான் எண்ணணும்.

இப்போ வருமானம். ஃபார்ம்ல ரெண்டு இடத்துல வருமானம் கேப்பாங்க, ஒண்ணு "கரன்ட் இன்டிவிஜுவல் ஆனுவல் இன்கம்", இன்னொண்ணு டாக்ஸ் ரிட்டர்ன்ல இருக்குற டோட்டல் இன்கம். ரெண்டும் ஒண்ணு இல்ல. முதல்ல கேக்குறது இப்போ இருக்குற வேலையில இந்த வருஷம் முழுக்க எவ்ளோ வரும்னு. மணிக்கு 18 டாலர், வாரம் 40 மணி நேரம்னா 18 x 40 x 52, அதாவது 37,440. ரெண்டாவது கேக்குறது 1040ங்கற டாக்ஸ் ரிட்டர்ன் ஃபார்ம்ல "டோட்டல் இன்கம்"னு 9வது வரில இருக்குற எண்.

நான் மாட்டுனது இங்கதான். முந்தின வருஷம் ஒரு வேலை போயி பல மாசம் சும்மா இருந்தேன், அதனால அந்த வருஷ ரிட்டர்ன்ல 19 ஆயிரம் சொச்சம்தான் இருந்துச்சு. அப்ளை பண்ணப்போ புது வேலையில நல்ல சம்பளம், ஆனா டாக்ஸ் பேப்பர்தான் பெருசுன்னு நினைச்சு அந்த 19 ஆயிரத்தையே ரெண்டு இடத்துலயும் எழுதி, டிரான்ஸ்கிரிப்ட் (டாக்ஸ் ஆபிஸ் தர்ற ரிட்டர்ன் சுருக்கம்) மட்டும் வச்சு அனுப்பிட்டேன். வருமானம் பத்தலன்னு ஆர்.எஃப்.இ. வந்துச்சு. பதிலுக்கு கம்பெனி லெட்டர், பே ஸ்டப், திருத்துன ஐ-864, வேலை இடைவெளிய விளக்கி ஒரு பக்க லெட்டர், இவ்ளோதான் அனுப்பினேன், கேஸ் நகர்ந்துச்சு. முதல் நாளே வச்சிருக்க வேண்டிய பேப்பர்ங்க அது எல்லாமே. அதனால போன வருஷம் கம்மி, இந்த வருஷம் பரவாயில்லன்னா பயப்படாதீங்க, பாக்குறவங்க முக்கியமா எடைபோடுறது இப்போ இருக்குற வருமானத்தைத்தான், ஆனா அதை நீங்கதான் காட்டணும், அவங்களா தேடிக்க மாட்டாங்க.

என்னென்ன பேப்பர்னா, ஐஆர்எஸ், அதாவது அமெரிக்க வருமான வரித்துறையோட வெப்சைட்ல லாகின் பண்ணி கடைசி வருஷத்து டாக்ஸ் ரிட்டர்ன் டிரான்ஸ்கிரிப்ட் இலவசமா எடுத்துக்கோங்க. அதுல நாலஞ்சு வகை இருக்கும், "ரிட்டர்ன் டிரான்ஸ்கிரிப்ட்"தான் வேணும், "அக்கவுன்ட் டிரான்ஸ்கிரிப்ட்" எடுத்து அனுப்பிட்டு திரும்பி வந்த கதை உண்டு. டிரான்ஸ்கிரிப்ட் இல்லாம ரிட்டர்ன் காப்பியே வைக்கிறீங்கன்னா கூடவே எல்லா டபிள்யூ-2 (கம்பெனி தர்ற வருஷ சம்பள சர்டிபிகேட்), 1099 (மத்த வருமானத்துக்கான சர்டிபிகேட்), ஷெட்யூலும் (ரிட்டர்னோட இணைப்பு ஃபார்ம்) வைக்கணும், ஒண்ணு விட்டாலும் கேப்பாங்க. கண்டிப்பா வேணும்னு சொல்றது கடைசி ஒரு வருஷம்தான், மூணு வருஷம் வைக்கிறது உங்க இஷ்டம், மூணுலயும் வருமானம் நல்லா இருந்தா வைங்கன்னுதான் நான் சொல்வேன். கூடவே கடைசி ஆறு மாச பே ஸ்டப், ஹெச்ஆர் கிட்ட வாங்குன லெட்டர். அந்த லெட்டர்ல எப்போ சேர்ந்தீங்க, என்ன வேலை, வருஷ சம்பளம் எவ்ளோ, முழு நேரமா பகுதி நேரமா இதெல்லாம் இருக்கணும், "இவரு எங்ககிட்ட வேலை பாக்குறாரு"ன்னு ஒரு வரி லெட்டர் பிரயோஜனம் இல்ல. அப்புறம் நீங்க சிட்டிசன் இல்ல கிரீன் கார்டு ஹோல்டர்ங்கறதுக்கு ப்ரூஃப்.

எல்லா பேப்பரையும் டேபிள்ல பரப்பி வச்சு எண்களை ஒண்ணோட ஒண்ணு ஒத்து பாருங்க. ஃபார்ம்ல 60,000, லெட்டர்ல 58,000, பே ஸ்டப் கணக்கு போட்டா 55,000னு இருந்தா பாக்குறவருக்கு சந்தேகம் வரத்தான் செய்யும். சில நேரம் நியாயமான காரணம் இருக்கும், 401கேங்கற ரிட்டயர்மென்ட் சேமிப்புல காசு போட்டா டபிள்யூ-2வோட முதல் பாக்ஸ்ல சம்பளம் கம்மியா தெரியும். அப்படின்னா ரெண்டு வரில அதை எழுதி வச்சிடுங்க. ஜாயின்டா ஃபைல் பண்ணியிருந்தா இன்னொரு சிக்கல், டோட்டல் இன்கம்ல உங்க ஸ்பவுஸ் சம்பளமும் கலந்திருக்கும், ஆனா உங்க "இன்டிவிஜுவல்" வருமானம்ங்கற இடத்துல உங்களுது மட்டும்தான் வரணும், அதனால டிரான்ஸ்கிரிப்ட் இருந்தாலும் ரெண்டு பேரோட டபிள்யூ-2வையும் சேர்த்து வைங்க, யாருது எவ்ளோன்னு பிரிச்சு தெரியும்.

சொந்தமா கடை, கன்சல்டிங், டாக்ஸி ஓட்டுறவங்க இந்த இடத்தை கவனமா படிங்க. வருஷம் முழுக்க 80,000 உள்ள வந்துச்சு, செலவெல்லாம் "ஷெட்யூல் சி"ங்கற சொந்தத் தொழில் வரவு செலவு ஃபார்ம்ல கழிச்சு நெட் 15,000னு காட்டி டாக்ஸ் மிச்சம் பண்ணியிருப்பீங்க. ஐ-864ல பேசுறது அந்த நெட் தொகைதான். டாக்ஸுக்கு நான் ஏழை, இமிக்ரேஷனுக்கு நான் பணக்காரன்னு சொல்ல முடியாது. அடுத்த வருஷம் மனைவிய கூப்பிடணும்னு ஐடியா இருந்தா இந்த வருஷ ரிட்டர்ன் போடும்போதே உங்க அக்கவுன்டன்ட் கிட்ட அதை சொல்லிடுங்க. பொய்யா வருமானத்தை ஏத்தி காட்டுங்கன்னு சொல்லல, எந்த செலவை எந்த வருஷம் கழிக்கிறதுன்னு சட்டப்படி உங்க கையில இருக்குறத யோசிச்சு செய்யுங்கன்னு சொல்றேன்.

இந்தியாவுலயோ வளைகுடாவுலயோ வேலை பாத்துக்கிட்டே அங்கிருந்து மனைவிக்கு போடுற சிட்டிசன்களும் இருக்காங்க. அவங்களுக்கு ரெண்டு விஷயம். வெளிநாட்டுல சம்பாதிச்சாலும் வருமானம் வரம்பை தாண்டினா அமெரிக்காவுல டாக்ஸ் ஃபைல் பண்ணணும், கட்ட வேண்டியது எதுவும் இல்லாட்டியும் ஃபைல் பண்ணணும், பண்ணாம விட்டிருந்தா லேட்டாவாவது பண்ணிட்டு வாங்க. ஃபாரின் இன்கம் எக்ஸ்க்ளூஷன் (வெளிநாட்டு சம்பளத்துக்கு வரி விலக்கு) எடுத்திருந்தா 9வது வரில பூஜ்யம் கூட வரலாம், அப்போ அந்த விலக்கு கேட்டு போட்ட 2555 ஃபார்மையும் சேர்த்து வச்சு ஏன் பூஜ்யம்னு விளக்கணும். இதெல்லாம் செஞ்சாலும் அந்த வேலை அமெரிக்கா போனப்புறமும் தொடராதுன்னா அந்த சம்பளம் உதவாது. ரெண்டாவது டொமிசைல். ஸ்பான்சர் அமெரிக்காவுல குடியிருக்கணும், இல்லன்னா மனைவி அங்க இறங்குறதுக்குள்ள திரும்ப குடியேறப்போறோம்னு நம்புற மாதிரி காட்டணும்: வேலை ஆஃபர், வீட்டு லீஸ், பேங்க் அக்கவுன்ட், பிள்ளைங்களுக்கு ஸ்கூல் அட்மிஷன், அங்க இருக்குற ஓட்டர் ரெஜிஸ்ட்ரேஷன் இப்படி.

வருமானம் பத்தல, என்ன பண்றது? வழி இருக்கு, ஒண்ணுக்கு மேலயே இருக்கு.

வரப்போறவங்க ஏற்கனவே இங்க முறைப்படி வொர்க் பெர்மிட்ல வேலை பாக்குறாங்கன்னா, கிரீன் கார்டு வந்த பிறகும் அதே இடத்துல இருந்து அந்த வருமானம் தொடரும்னா அதையும் சேர்த்துக்கலாம். அனுமதி இல்லாம பாத்த வேலையோட காசு கணக்குல வராது. உங்களோட ஒரே வீட்டுல இருக்குற அம்மா, அப்பா, அண்ணன், தம்பி, பெரிய பிள்ளைங்க இவங்க வருமானத்தையும் சேர்க்கலாம், ஆனா அவங்க ஐ-864ஏ-ன்னு தனி ஃபார்ம்ல கையெழுத்து போடணும், அவங்களையும் எண்ணிக்கையில சேர்க்கணும்.

சொத்தை வச்சு குறையை நிரப்புறது இன்னொரு வழி. சிட்டிசனோட கணவன்/மனைவின்னா பத்தாம இருக்குற தொகைக்கு மூணு மடங்கு சொத்து, கிரீன் கார்டு ஹோல்டரோட கணவன்/மனைவின்னா அஞ்சு மடங்கு. 26,437 வேணும், உங்க வருமானம் 20,437ன்னா குறை 6,000, சிட்டிசன் 18,000 காட்டணும், கிரீன் கார்டு ஹோல்டர் 30,000 காட்டணும். சொத்துன்னா ஒரு வருஷத்துக்குள்ள பெருசா நஷ்டமோ கஷ்டமோ இல்லாம காசாக்க முடியுறதா இருக்கணும். பேங்க் பணம், ஷேர், வீட்டு மதிப்புல லோன் போக மிச்சம். காரை காட்டணும்னா குறைஞ்சது இன்னொரு ஓடுற கார் இருக்கணும், இருக்குற ஒரே காரை சொத்துன்னு எழுத முடியாது. பேங்க் பணத்துக்கு அக்கவுன்ட் எப்போ ஆரம்பிச்சது, கடைசி ஒரு வருஷத்துல எவ்ளோ டெபாசிட் ஆச்சு, இப்போ எவ்ளோ இருக்குன்னு பேங்க் லெட்டர் வாங்குங்க. போன வாரம் மாமா போட்டுவிட்ட 20,000 அப்படியே பளிச்சுன்னு தெரியும், அந்த வேலையே வேண்டாம்.

வரப்போற கணவன்/மனைவி பேர்ல இந்தியாவுல இருக்குற சொத்தையும் இதுல காட்டலாம், நிறைய பேருக்கு இது தெரியாது. ஆனா சொத்து அவங்க பேர்லயே இருக்கணும். மாமனார் பேர்ல இருக்குற வயல், அண்ணன் தம்பிக்குள்ள இன்னும் பாகம் பிரிக்காத பூர்வீக வீடு, இதையெல்லாம் நம்பி கணக்கு போடாதீங்க. பத்திரம், வில்லங்க சான்றிதழ், மதிப்பீட்டாளர் ரிப்போர்ட் எல்லாம் எடுத்து, தமிழ்ல இருக்குறத முழுசா இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவரு "சரியா பண்ணியிருக்கேன், ரெண்டு மொழியும் எனக்கு தெரியும்"னு கையெழுத்து போட்டு வைக்கணும். அந்த பணத்தை வெளிய கொண்டுபோக முடியுமாங்கற கேள்வியும் வரும். இந்தியாவுல வசிக்குறவரு ரிசர்வ் பேங்கோட லிபரலைஸ்டு ரெமிட்டன்ஸ் ஸ்கீம்ல ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரைக்கும் அனுப்பலாம், அதை விளக்கத்துல ஒரு வரி சேர்த்துக்கோங்க. என் கருத்து என்னன்னா நிலத்தை விட எஃப்டி எவ்ளோவோ மேல், பாக்குறவருக்கு புரிய வைக்கிற வேலை பாதி குறையும்.

கடைசி வழி ஜாயின்ட் ஸ்பான்சர். சொந்தக்காரரா இருக்கணும்னு இல்ல, ஃப்ரெண்டா இருக்கலாம், ஆனா 18 வயசு ஆன சிட்டிசனா இல்ல கிரீன் கார்டு ஹோல்டரா இருக்கணும், அமெரிக்காவுல குடியிருக்கணும். ஹெச்-1பில லட்சத்துக்கு மேல சம்பளம் வாங்குற சித்தப்பா மகன் போட முடியாது. அவரோட வருமானத்தையும் உங்களோடதையும் கூட்டவும் முடியாது, அவரு தனியாவே அவரு குடும்பத்தோட உங்க மனைவியையும் சேர்த்து எண்ணி வர்ற 125 சதவீதத்தை தாண்டணும். அவரு, அவரோட மனைவி, ரெண்டு பிள்ளைங்க, உங்க மனைவின்னா அஞ்சு பேரு, அந்த கணக்குக்குதான் வருமானம் வேணும்.

இங்க மனசார ஒண்ணு சொல்லணும். ஜாயின்ட் ஸ்பான்சரா ஒருத்தரை கேக்கறப்போ "சும்மா ஒரு கையெழுத்துதான் அண்ணே"ன்னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க. அந்த பொறுப்பு முடியுறது வந்தவங்க சிட்டிசன் ஆனா, இல்ல 40 குவார்ட்டர், அதாவது கிட்டத்தட்ட பத்து வருஷ உழைப்பு அவங்க கணக்குல சேர்ந்தா, இல்ல கிரீன் கார்டை விட்டுட்டு நாட்டை விட்டே போயிட்டா, இல்ல அவங்களோ ஸ்பான்சரோ இறந்துட்டாதான். விவாகரத்து ஆனாலும் முடியாது. வந்தவங்களே ஸ்பான்சர் மேல கேஸ் போட்டு பணம் கேக்க சட்டத்துல இடம் இருக்கு. இதை ஃபார்ம்ல இருக்குற படியே அவருக்கு படிச்சு காட்டுங்க, வீட்டுல பேசிட்டு வரட்டும். எங்க கேஸ்ல ஒருத்தர் இதையெல்லாம் கேட்டுட்டு முடியாதுன்னு சொன்னாரு, எனக்கு அவரு மேல இன்னிக்கும் மரியாதைதான்.

அனுப்புற முறை ரெண்டு விதம். மனைவி அமெரிக்காவுலயே இருந்து ஐ-485 போட்டா ஐ-864 அதோட போகும், தனி ஃபீஸ் கிடையாது. இந்தியாவுல இருந்தா நேஷனல் விசா சென்டரோட ஆன்லைன் போர்ட்டல்ல அப்லோட் பண்ணணும், அஃபிடவிட்டுக்குன்னு 120 டாலர் ஃபீஸ் தனியா கட்டணும், எல்லாம் சரின்னு ஆனப்புறம்தான் இன்டர்வியூ. இன்டர்வியூ வர்றதுக்கு மாசக்கணக்குல ஆச்சுன்னா புது பே ஸ்டப், புது கம்பெனி லெட்டர், நடுவுல டாக்ஸ் ஃபைல் பண்ற ஏப்ரல் தாண்டியிருந்தா புது வருஷ டிரான்ஸ்கிரிப்டும் மனைவி கையில குடுத்து அனுப்புங்க. ஃபார்மோட எடிஷன் தேதி பக்கத்து கீழ ஓரத்துல இருக்கும், வெப்சைட்ல இருக்குறதோட ஒத்து போகுதான்னு அனுப்புற அன்னிக்கு பாருங்க. கையெழுத்து பேனாவுல போடுங்க. ஒரே ஒருத்தரை கூப்பிடுறீங்க, வருமானம் முழுக்க டபிள்யூ-2 சம்பளம் இல்ல பென்ஷன் மட்டும்தான்னா ஐ-864இசெட்னு சின்ன ஃபார்மே போதும், ஆனா சொத்தையோ வேற ஆளையோ சேர்த்தா பெரிய ஃபார்ம்தான்.

அனுப்புன கட்டு முழுசையும் ஸ்கேன் பண்ணி வச்சுக்கோங்க. கிரீன் கார்டு வந்தப்புறம் ஸ்பான்சர் வீடு மாறினா 30 நாளைக்குள்ள ஐ-865 போட்டு புது அட்ரஸ் சொல்லணும், ஜாயின்ட் ஸ்பான்சருக்கும் இது உண்டு, அவருக்கு இப்போவே ஒரு மெசேஜ் போட்டு வச்சிடுங்க. கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் ஆகறதுக்குள்ள கிரீன் கார்டு வந்திருந்தா அது ரெண்டு வருஷ கார்டுதான், அதை மாத்த ஐ-751 போடுறப்போ ஐ-864 திரும்ப கேக்க மாட்டாங்க. அங்க கேக்குறது நான் முதல்ல சொன்ன அந்த ஜாயின்ட் அக்கவுன்ட், லீஸ், இன்சூரன்ஸ் பேப்பருங்க, அதை இன்னிலேர்ந்தே ஒரு ஃபைல்ல சேர்த்துட்டு வாங்க.